தொண்டைக்குள் விட்ட வெளிச்சம்

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. நலமா என்று கேட்கும் உரிமையை நான் என்றோ இழந்துவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன். இதை உங்கள் மகள்தான் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். அவளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என் குரல்வளையில் ஒரு கட்டி. புற்று என்று சொல்லிவிட்டார்கள். அறுத்து எடுத்தால் அதோடு குரலும் போய்விடுமாம். உங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் உள்ள பெரிய மருத்துவமனையில் வேறொரு வைத்தியம் செய்கிறார்கள். முதலில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றுகிறார்கள். அது உடம்பெல்லாம் பரவினாலும் கட்டியில்தான் அதிகமாகத் தங்குமாம். இரண்டு நாள் கழித்து மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள் மெல்லிய குழாயை விட்டு, சிவப்பு வெளிச்சம் பாய்ச்சுகிறார்கள். அந்த வெளிச்சம் பட்டதும் மருந்து விழித்துக்கொண்டு கட்டியைக் கொல்லுமாம்.

தொல்லை அதற்குப் பிறகுதான். மருந்து தோலிலும் கண்ணிலும் ஒரு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கும். அதுவரை என் மேல் வெயில் படக்கூடாது. பட்டால் தோல் வெந்துபோகும். அத்தனை நாள் மருத்துவமனையில் படுக்கை தரமாட்டார்கள். அடிக்கடி வந்து காட்டவும் வேண்டும், அதனால் என் ஊருக்குத் திரும்பவும் முடியாது. என் மனைவி இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளும் இல்லை. உங்கள் வீட்டுப் பின்னறையைக் கேட்கிறேன். கேட்க எனக்கு வேறு வாசல் இல்லை.

பணிவுடன்,
தம்பி


பிப்ரவரி 15

ஃபோர்மன் அய்யாவுக்கு,

எழுதுறது என் மக, சொல்றது நான். சொல்றதை அப்படியே எழுதணும்னு வாக்கு வாங்கிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். முடிச்சதும் திருப்பிப் படிக்கச் சொல்வேன். ஒரு சொல்லை விட்டாலும் கண்டுபிடிச்சிருவேன். எழுத்து தெரியாதவனுக்கு எல்லாத்தையும் மண்டையிலதானே வெச்சிருக்க வேண்டியிருக்கு.

உன் கடிதத்துல தொண்டையில கட்டின்னு வந்த இடத்துல நிறுத்தச் சொன்னேன். இன்னொரு தடவை படின்னேன். அதுக்கப்புறமும் ஒரு தடவை. கேட்கக் கேட்க நல்லா இருந்துச்சு. கால்ல வந்திருக்கலாம், வயித்துல வந்திருக்கலாம். தேடிப் பிடிச்சு அந்த இடத்துக்கே வந்திருக்கு பாரு.

நீ மறந்திருப்பே, நான் சொல்றேன். விசாரணை நடந்த அறையில மேசை மேல பச்சைத் துணி விரிச்சிருந்துச்சு, ஓரத்துல மை கொட்டின கறை. அதிகாரி பல்லைக் குத்திக்கிட்டே கேட்டாரு. பாய்லர் பட்டறை ஆளுங்க எல்லாரும் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. உன் அண்ணி வாசப்படியில நின்னா, இடுப்புல இதை எழுதுற இவ. நீ வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தே. ரெண்டு தடவை தொண்டையைக் கனைச்சுக்கிட்டே. "வால்வைத் திறந்தது எங்க அண்ணன். என் கண்ணால பார்த்தேன்"னு சொன்னே. நல்ல குரல் உனக்கு. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு.

திறந்தது யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கரி அள்ளுறவன் ரெண்டாம் நம்பர் பாய்லருக்குள்ள இறங்கி உட்கார்ந்து, சுவத்துல படிஞ்ச உப்பைச் சுரண்டிக்கிட்டு இருந்தான். உள்ளே ஆள் இருக்கான்னு குனிஞ்சு பார்க்காம, பக்கத்துப் பாய்லரோட நீராவியை நீ அதுக்குத் திறந்து விட்டே. நான் கத்திக்கிட்டு ஓடி வந்து மூடுறதுக்குள்ள அவன் வெந்துட்டான். வால்வுல என் கை இருந்ததைத்தான் மத்தவங்க பார்த்தாங்க. நான் இல்லைன்னு எத்தனை தடவை சொன்னேன். படிச்ச தம்பி, ஃபோர்மன் தம்பி, பொய்யே பேசாத தம்பி ஒரு பக்கம். முந்தின நாள் குடிச்சவன், கைநாட்டு, இன்னொரு பக்கம். யாரை நம்புவாங்க?

உன் அண்ணியும் உன்னைத்தான் நம்பினா. ஜெயிலுக்கு ஒரே ஒரு தடவை வந்தா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, "செத்தவன் பொண்டாட்டிக்கு என்னங்க பதில் சொல்லப் போறீங்க"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் வரலை. நான் வெளியே வர்றதுக்குள்ள செத்துப் போயிட்டா. என்னைக் கொலைகாரன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டா.

இந்த இடத்துல இவ பேனாவைக் கீழே வெச்சுட்டா. நான் ஜெயில்ல இருந்த மூணு வருஷம் இவளை நீயும் உன் பொண்டாட்டியும் வளர்த்ததையும் எழுதினாத்தான் மேல எழுதுவாளாம். சரி. வளர்த்தே. எழுதியாச்சு.

இப்ப நான் சொல்றதைக் கேட்டுக்கோ. அறை தர்றேன். கஞ்சி தர்றேன். ஒரு பொட்டு வெயில் உன் மேல விழாம நானே காவல் இருக்கேன். உன் குரல் திரும்பி வரணும், அதுக்குத்தான். அன்னிக்கு பெஞ்சுல இருந்தவங்கள்ல மூணு பேர் இன்னும் இருக்காங்க. அவங்களை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன். அவங்க முன்னாடி நின்னு "திறந்தது நான், பொய் சொன்னது நான்"னு உன் வாயால சொல்லணும். சம்மதம்னா வா. இல்லைன்னா தொண்டையை அறுத்துக்கோ.

இன்னொண்ணு. இனி உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு ஜெயில் வாசல்ல சொன்னேன். ஒரே வீட்டுல இருந்தாலும் அது அப்படித்தான். சொல்ல வேண்டியது இருந்தா இவ எழுதிக் கதவடியில தள்ளுவா.

இப்படிக்கு,
கைநாட்டு


பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

சம்மதம். இருபத்தேழாம் தேதி ஊசி, மார்ச் முதல் தேதி வெளிச்சம். அன்று சாயங்காலம் இருட்டியபின் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து விடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் வாயைத் திறந்து பேசக் கூடாதாம். உங்களுக்கும் அது தோதாக இருக்கும்.

தம்பி


மார்ச் 6

பின்னறையில் இருக்கிறவனுக்கு,

வந்து இத்தனை நாளா உன்னைப் பார்க்க நான் உள்ளே வரலை. அறை எப்படி இருந்துச்சு? தட்டுமுட்டு சாமான் போட்டு வெச்ச அறை அது. ஜன்னலுக்கு வெளியிலதான் கொக்கி. அதுக்கு மேல தார்ப்பாய் கட்டினேன். கதவிடுக்குல பழைய வேட்டியைத் திணிச்சேன். பல்பையும் கழட்டிட்டேன். ஜெயில்ல என்னைத் தனியா போட்ட அறையில மேல ஒரு ஓட்டை இருந்துச்சு. உனக்கு அதுகூட இருக்கக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து அடைச்சேன்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னைப் பார்க்க ஒரு நர்ஸ் வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டா. கதவைத் திறந்து பார்த்துட்டு, "என்ன தாத்தா, ஊறுகாய் போட்டு வெச்சிருக்கீங்களா"ன்னு கேட்டா. வெயில்தான் ஆகாதாம், இருட்டும் ஆகாதாம். சுத்தமா இருட்டுல வெச்சா மருந்து தோல்ல அப்படியே தங்கிருமாம். மங்கலா ஒரு பல்பு எரிஞ்சாத்தான் கொஞ்சம் கொஞ்சமா கரையுமாம். அவ நின்னு பார்க்க, ஸ்டூல் மேல ஏறி நான்தான் பல்பை மாட்டினேன். உனக்கு வெளிச்சம் போட்டுக் கொடுக்கிற வேலையையும் என் கையாலயே செய்ய வெச்சுட்டா.

இதையும் கேட்டுக்கோ. நேத்து மத்தியானம் இவ கடைக்குப் போயிருந்தா. நான் வீட்டைச் சுத்திப் போய் தார்ப்பாயைத் தூக்கினேன். கொக்கியில கை வெச்சேன். அந்த நேரத்து வெயில் ஜன்னல் வழியா நேரா உன் கட்டில்லதான் விழும். கிழவன், படிப்பறிவில்லை, மறந்து திறந்துட்டான்னு சொல்லிடலாம். எல்லாரும் நம்புவாங்க. நான் சொன்ன நிஜத்தைத்தான் நம்ப மாட்டாங்க, பொய்யை நம்புவாங்க. கொக்கியைப் பாதி தூக்கிட்டேன்.

திரும்பக் கீழே விட்டுட்டேன். இரக்கம்னு நினைச்சுக்காதே. வெந்துபோய் நீ படுத்துட்டா, மூணு பேர் முன்னாடி யார் வந்து பேசுறது?

இவ இதை எழுத மாட்டேன்னு அழுதா. எழுதுன்னேன். எழுதிட்டா. படிச்சுக் காட்டும்போது கொக்கியை விட்டுட்டுப் படிச்சா. மறுபடி படிக்க வெச்சேன்.

வீட்டுக்காரன்


மார்ச் 8

அண்ணா,

நான் அப்போது தூங்கவில்லை. கொக்கியின் சத்தம் கேட்டது. போர்வை பக்கத்தில்தான் கிடந்தது. நான் அதை இழுத்து மூடிக்கொள்ளவில்லை.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடத்தில் நீங்கள் ஒரு முறையும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லும்படியாக ஒரு காரணமும் இல்லை. பயம்தான். அதிகாரி கேள்வியை முடிப்பதற்குள் உங்கள் பெயர் என் வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்தப் பல்பு வெளிச்சத்தில் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இதை உங்கள் மகள் எப்படிப் படிப்பாளோ தெரியவில்லை. அண்ணி கடைசியாகப் படுத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். "நிஜமாவே பார்த்தீங்களா? என் தலையில அடிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். பார்த்தேன் என்றேன். அவர்கள் தலையில் கை வைத்தே சொன்னேன்.

தம்பி


மார்ச் 9

அடப்பாவி,

இவ படிச்சுட்டு அடுப்படியில போய் உட்கார்ந்துட்டா. உன்னை இவ நல்லவன்னுதான் நினைச்சிருந்தா. நானா எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கேன், தலையாட்டிக் கேட்டுக்குவா, அவ்வளவுதான். இப்ப உன் கையெழுத்துல படிச்சுட்டா.

நான் சாப்பிடலை. தார்ப்பாய் பக்கம் போகவும் இல்லை. போயிருந்தா இந்தத் தடவை கையை எடுத்திருக்க மாட்டேன், அதனாலதான் வாசல்லயே உட்கார்ந்திருந்தேன்.

ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப ஓடுது. அவ உன்கிட்ட கேட்டிருக்கா. கேட்டாள்னா அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கு. முழுசா நம்பிட்டுப் போனாள்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே. இல்லை, சந்தேகப்பட்டிருக்கா. படுத்த படுக்கையிலயும் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கா. நீ எனக்குக் கொடுத்ததுல இது ஒண்ணுதான் உருப்படி. அதையும் கொடுக்கணும்னு நினைச்சு நீ கொடுக்கலை.

தலையில கை வெச்சுச் சொன்னியாடா?

இன்னியிலேர்ந்து உனக்குக் கஞ்சி நான்தான் கொண்டு வந்து வைப்பேன். இவ வர மாட்டேங்கிறா. பேச மாட்டேன். குடி. குரல் வரணும்.


ஏப்ரல் 14

பஸ் ஏறி ஓடிப்போனவனுக்கு,

நேத்து நீ கிளம்பினதுலேர்ந்து ரத்தம் கொதிக்குது. நடந்ததை நடந்த மாதிரியே சொல்றேன். நான் எதுக்குக் கோபப்படுறேன்னு நீயே பாரு.

மூணு பேரையும் கூட்டிட்டு வந்தேன். நம்ம பட்டறை நெட்டை, சுத்தியல், பெரியவர். எல்லாருக்கும் நாற்காலி போட்டேன். நீ நடுவுல நின்னே. அன்னிக்கு மாதிரியே வெள்ளைச் சட்டை. கனைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்ததால கனைக்கலை. வாயைத் திறந்தே. ஓட்டை ட்யூப்ல காத்து போற மாதிரி ஒரு சத்தம். நான் பக்கத்துல நின்னதால எனக்குக் கேட்டுச்சு. திறந்தது நான், பொய் சொன்னது நான். ரெண்டையும் ஒழுங்கா சொன்னே. அதுல குறை சொல்ல மாட்டேன்.

பாய்லர் தகடு அடிச்சு அடிச்சுக் காது போன மனுஷங்கப்பா அவங்க. வாலிபத்துலேர்ந்தே பாதிச் செவிடு, இப்ப முழுச் செவிடு. எனக்கு அது தெரியாதா? தெரியும். அவங்ககிட்ட நான் எப்பவும் கத்தித்தான் பேசுவேன், அவங்களும் கத்துவாங்க. அதனால அது ஒரு குறைன்னே எனக்குத் தோணலை. உன் தொண்டையைப் பத்தியே நினைச்சுக்கிட்டு இருந்தேன், அவங்க காதை மறந்துட்டேன்.

மூணு பேரும் என்னைப் பார்த்தாங்க. "என்னப்பா, நீ சொல்லு"ன்னான் சுத்தியல். நானும் முட்டாள் மாதிரி, நீ சொன்னதை ஒரு எழுத்து மாறாம, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "வால்வைத் திறந்தது நான். பொய் சொன்னது நான்."

சுத்தியல் எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். கண்ணுல தண்ணி. "இத்தனை வருஷம் கழிச்சாவது ஒத்துக்கிட்டியே. அது போதும்யா, நாங்க மன்னிச்சுட்டோம்"னான்.

நான் இல்லைடா, இவன்டான்னு கத்தினேன். பெரியவர் தலையை ஆட்டிக்கிட்டே, "திரும்பவும் தம்பி மேலயே போடுறியேப்பா. அவனைப் பாரு, நோயாளி"ன்னாரு. நெட்டை உன் முதுகைத் தடவிக் கொடுத்தான். மூணு பேரும் டீ குடிச்சுட்டுச் சந்தோஷமா கிளம்பிட்டாங்க. நீ தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. அப்புறம் பை எடுத்தே, பஸ் ஏறிட்டே.

முன்னே ஒரு பொய்யால குற்றவாளி ஆனேன். இப்ப என் வீட்டுல, என் வாயாலயே ஆயிட்டேன். அதோட மன்னிப்பு வேற. யார் கேட்டா அதை?

நீ திரும்பி வந்து இதைச் சரி பண்ணணும். எப்படின்னு எனக்குத் தெரியாது. அது உன் வேலை.

அண்ணன்


ஏப்ரல் 25

அண்ணா,

பரிசோதனையில் கட்டி இல்லை. வெளிச்சம் பட்ட இடம் மட்டும் புண்ணாக இருக்கிறது. அன்று பேசியதில் அது மறுபடி கிழிந்திருக்கிறதாம். டாக்டர் கோபப்பட்டார். ஆறு மாதம் முணுமுணுக்கவும் கூடாது, மீறினால் தழும்பு இறுகி இருக்கிற குரலும் போய்விடும் என்கிறார். எழுதிக் காட்டலாம் என்றால் மூன்று பேருக்கும் படிக்கத் தெரியாது. உங்கள் மகளோ வேறு யாரோ எனக்காகச் சொன்னால், நீங்கள் சொல்லச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த ஆறு மாதம் பொறுக்க முடியுமா? கேட்க வெட்கமாக இருக்கிறது.

தம்பி


மே 1

முடியாது.

அவங்க மூணு பேரும் எழுபதைத் தாண்டினவங்க. ஆறு மாசத்துல யார் இருப்பா, யார் போவா? உன் தொண்டை பத்திரமா இருக்கணும், என் பேர் நாறிக்கிட்டே கிடக்கணுமா? இத்தனை வருஷம் அந்தக் குரலை நீதான் வெச்சிருந்தே. வெச்சிருந்து எனக்காக ஒரு வார்த்தை செலவு பண்ணலை. இப்ப பண்ணு.

இந்தத் தடவை இவ அழலை. பேனாவையும் கீழே வைக்கலை.

அண்ணன்


மே 22

அண்ணா,

போய்விட்டு வந்தேன்.

உங்கள் தெருப் பக்கம் வரவில்லை. நேராக அவர்கள் வீடுகளுக்குத்தான் போனேன். நெட்டை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, காதில் வாயை வைத்துச் சொன்னேன். முதலில் சிரித்தார், ஏதோ ரகசியம் என்று நினைத்துக்கொண்டார். நான் என் நெஞ்சில் அடித்து அடித்துச் சொன்னேன். பல முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் என்னைத் தள்ளிவிட்டார். பெரியவர் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார், பிறகு அவர் மருமகளைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பச் சொன்னார். சுத்தியல் அடித்தார். இந்த வயதிலும் கை கனமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்லாத இன்னோர் இடத்துக்கும் போனேன். பாய்லருக்குள் இறந்த அந்தக் கரி அள்ளுகிறவரின் மனைவி இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஒரு முறைதான் சொன்னேன். பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு நின்றார். சட்டை கருகிப் புகை வந்தது. "உங்க அண்ணன் எதிர்ல வந்தா நான் எச்சிலைத் துப்பிட்டுத்தான் போவேன். அவரு ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்லையே" என்றார். கருகிய சட்டையை மடித்துத் தனியாக வைத்தார்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் இருமினேன், ரத்தம் வந்தது. மறுநாள் வாயைத் திறந்தால் காற்றுகூடச் சத்தமாக வரவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுக் குழாயை மேசையில் வைத்தார். இனி வராது என்றார். கட்டி மட்டும் திரும்பி வருகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

உங்களிடம் எதுவும் கேட்டு இதை எழுதவில்லை.

தம்பி


ஜூன் 2

தம்பி,

மூணு பேரும் சேர்ந்து வந்தாங்க. செவிட்டுப் பசங்களுக்கு மெதுவா பேசத் தெரியாதே. வாசல்ல நின்னு ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினாங்க. "திறந்தது உன் தம்பியாம்யா! உன் மேல தப்பில்லையாம்!" எதிர்வீட்டு மாடியிலேர்ந்து எட்டிப் பார்த்தாங்க. காய்கறி வண்டிக்காரன் வண்டியை நிறுத்திட்டு நின்னான். நான் கையாட்டி உள்ளே கூப்பிட்டேன், வர மாட்டேன்னுட்டாங்க. அங்கேயே நின்னு திரும்பத் திரும்பக் கத்தினாங்க. நானும் நிறுத்தச் சொல்லலை.

மறுநாள் இஸ்திரிக் கடை அம்மா வந்துச்சு. என் வேட்டி சட்டையைக் கொடுங்க, தேய்ச்சுத் தர்றேன்னு கேட்டுச்சு. இவ எடுத்துக் கொடுத்தா. வாசப்படியில கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துச்சு. அப்புறம் துணியை எடுத்துக்கிட்டுப் போச்சு.

குரல் போச்சுன்னு எழுதியிருக்கே. இவ படிச்சதும், மனசு கஷ்டப்படும்னு காத்துக்கிட்டு இருந்தேன். ராத்திரி சாப்பிடுற வரைக்கும் பார்த்தேன். படலை. உன் முதல் கடிதத்தைக் கேட்டப்ப அந்தக் குரல் போகணும்னுதான் ஆசைப்பட்டேன், போச்சு. அதை நீ எனக்காகச் செலவு பண்ணினதால என் கோபம் ஒண்ணும் குறைஞ்சு போயிடலை. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வரும்னு எதிர்பார்க்காதே. உன் அண்ணி தலையில வெச்ச கை இன்னும் உன்கிட்டத்தானே இருக்கு.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வரணும்ங்கிறே. வரும்போது வேற எங்கேயும் தங்காதே. இங்கே வா. இனிமே நான் வாயைத் திறந்து பேசுறேன். உன் அண்ணி எப்படிப் போனாள்னு எனக்கு யாரும் இதுவரைக்கும் சொல்லலை, நீ தாள்ல எழுது, இவ படிக்கட்டும். படிச்சு முடிச்சதும் உன்னை எதிர்ல உட்கார வெச்சுத் திட்டப் போறேன். விடிய விடியத் திட்டுற அளவுக்கு எங்கிட்ட இருக்கு. நீ பதில் பேச முடியாது. எனக்கு அதுதான் வேணும்.

சொன்னது,
உன் அண்ணன்
எழுதியது,
அவர் மகள்